வேகப் பலகையும் நரி பரியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அதனால் எனக்கு ஒரு சின்னப் பெருமை. சாலைக் குறிகளுக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம் 1909-ல் பாரிஸில்தான் கையெழுத்தானது. மேடு, வளைவு, சந்திப்பு, ரயில்வே கேட் என்று நான்கே குறிகள். இன்று நாம் பார்க்கும் சிவப்பு வட்டமும் கறுப்பு எண்ணும் 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில் உள்ளவை. இந்தியா அதில் 1980-ல் சேர்ந்தது.

இவையெல்லாம் மனிதக் கண்ணுக்காக வைத்தவை. 2008-ல் காரும் படிக்கத் தொடங்கியது. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா முதலில் வட்டத்தைத் தேடும். பிறகு உள்ளேயிருக்கும் எண்ணை, பழகிய படங்களை வைத்து அடையாளம் காணும். வேகம் மீறினால் எச்சரிக்கும். ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இத்தகைய வேக எச்சரிக்கை கட்டாயம்.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஒரு மணி உண்டு. 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். ஆனால் அது பலகையைப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் 60-ல் பறந்தாலும் வாய் திறக்காது.

பார்க்கும் கேமராவும் ஏமாறும். 2020-ல் மெக்காஃபி ஆய்வாளர்கள் 35 என்ற பலகையில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினார்கள். 2016 மாடல் டெஸ்லா அதை 85 என்று படித்து வேகமெடுத்தது. எங்கள் ஊர் மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரியைப் பரியாக்கினார். இங்கே அந்த வேலையை டேப் செய்துவிட்டது!

போன மாதம் மேலூர் சாலையில் ஒரு வேகப் பலகையின்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. பேரனோடு நின்று அதைக் கிழித்தெடுத்தேன். பலகை தெரிந்தால்தானே கண்ணும் படிக்கும், கேமராவும் படிக்கும்?