மஞ்சள் பின்னும் 34 ரூபாய் டிவிடியும்: தாம்பரம் பக்கம் படம் தெளிந்த கதை

2003, 2004 வாக்கில் சென்னை பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறுகிறவர்களில் யாராவது ஒருவர் மடியில் அட்டைப்பெட்டி ஒன்றை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய டிவிடி பிளேயர். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று பெட்டி வீடு போய்ச் சேரும். டிவியில் மாட்டி, படத்தைப் போட்டு, குடும்பமே உட்கார்ந்து பார்க்கும். பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "பழைய விசிடி மாதிரியேதானே இருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் பெட்டிக்குள் இல்லை என்பதுதான் வேடிக்கை. அதைத் தேடக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது கறுப்பு வெள்ளை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்தது. சாலிடைர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளின் பெட்டிகளே பல வீடுகளில் இருந்தன. அந்தக் காலத்தில் "படம் நல்லா வருதா?" என்ற கேள்வி மொட்டைமாடியில் நின்று கேட்கப்பட்டது. ஒருவர் ஆண்டெனாவைத் திருப்புவார், இன்னொருவர் ஜன்னலிலிருந்து "போதும், போதும்... ஐயோ போச்சு!" என்று கத்துவார். மீனம்பாக்கம் விமானப் பாதைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தாழப் பறக்கும் விமானத்தின் உடம்பில் பட்டுத் திரும்பும் அலையும், நேராக வரும் அலையும் ஒன்றோடொன்று மோதுவதால் படம் துடிக்கும். வோல்டேஜ் குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கும். ஸ்டெபிலைசர் வாங்கியது டிவியைக் காப்பாற்ற மட்டுமல்ல, படத்தை முழுசாகப் பார்க்கவும்தான்.

பிறகு "டெக்" வந்தது. விசிஆர் என்று யாரும் சொன்னதில்லை. டெக்கும் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி மூன்று படம் பார்த்துவிட்டு, விடிந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். விஎச்எஸ் நாடாவின் கிடைமட்டத் துல்லியம் சுமார் 240 கோடுகள்தான். அதுவும் நகலுக்கு நகல் எடுத்த நாடா என்றால் ஹீரோ கட்டியிருப்பது எந்தக் கலர் சட்டை என்று பந்தயம் கட்டலாம். ஆனால் அன்று யாரும் குறை சொல்லவில்லை. படம் வீட்டுக்கு வந்ததே பெரிய விஷயம்.

1993இல் வரையறுக்கப்பட்ட விசிடி, தமிழ்நாட்டை 90களின் கடைசியில் பிடித்தது. இதன் படம் 352க்கு 288 புள்ளிகள். நொடிக்கு 1.15 மெகாபிட் அளவுதான் படத்துக்கு ஒதுக்கீடு. ஒரு தட்டில் 74 நிமிடம் என்பதால் தமிழ்ப் படம் இரண்டு தட்டு, பாட்டு அதிகம் என்றால் மூன்று. சண்டைக்காட்சியில் கட்டம் கட்டமாகத் தெரியும். நாடா போலச் சிக்கிக்கொள்ளாது, தேயாது என்பதே அதன் பெருமை.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரின் பால் முறையில் 720க்கு 576 புள்ளிகள். விசிடியைவிட நான்கு மடங்கு. கணக்குப்படி பார்த்தால் தாம்பரத்து வரவேற்பறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாயைப் பிளந்திருக்கவேண்டும். ஏன் பிளக்கவில்லை?

முதல் குற்றவாளி மஞ்சள் பின். டிவிடி தட்டில் வெளிச்சத் தகவலும் நிறத் தகவலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் பின் வழியே போகும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் அனுப்பி, டிவி அதை மறுபடி பிரிக்கவேண்டியிருக்கிறது. சாம்பாரில் கலந்த பெருங்காயத்தைத் திரும்ப எடுக்கிற வேலை! முழுதாகப் பிரியாது. எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வதும், கட்டம் போட்ட சட்டையில் வானவில் தெரிவதும் இதனால்தான். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின் கொண்ட காம்பொனன்ட் கேபிள் இந்தக் கலப்படத்தையே தவிர்த்துவிடும். பல பிளேயர்களின் முதுகில் அந்த மூன்று துளைகளும் இருந்தன. டிவியின் முதுகில்தான் இல்லை. இருந்த வீடுகளிலும், பெட்டியோடு இலவசமாக வந்தது மஞ்சள் கேபிள் என்பதால் அதையே மாட்டிவைத்தார்கள். பல வருடம் அந்த மூன்று துளைகளிலும் தூசிதான் குடியிருந்தது.

இன்னும் மோசம், ஆண்டெனா துளை வழியாக மாட்டியவர்கள் நிலை. பழைய டிவிக்கு வேறு வழியில்லை. பாவம்.

அடுத்தது, தட்டு. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜி.பி. கொள்ளும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் ஒலியையும் சேர்த்து நொடிக்குச் சுமார் 4.2 மெகாபிட் கிடைக்கும். பரவாயில்லை. 8.5 ஜி.பி. இரண்டடுக்குத் தட்டு என்றால் ஏழரை மெகாபிட், பிரமாதம். ஆனால் பஜாரில் அதிகம் கூவி விற்றது "மூணு படம் ஒரே டிவிடி", "அஞ்சு படம் ஒரே டிவிடி". மூன்று படம் என்றால் படத்துக்கு 1.4 மெகாபிட். அஞ்சு என்றால் 0.8தான். அதாவது விசிடிக்குக் கிடைத்ததைவிடக் குறைவான தகவலை, விசிடியைவிட நான்கு மடங்கு புள்ளிகளில் பரப்பவேண்டும். அரைக்கிலோ மாவில் கல்யாணத்துக்கே தோசை வார்த்த மாதிரி. "விசிடி மாதிரியேதானே இருக்கு" என்று சொன்னவர் கண் சரியாகத்தான் இருந்தது. அவர் பார்த்தது விசிடிதான், டிவிடி சட்டை போட்ட விசிடி.

தியேட்டரில் கேமராவை ஒளித்துவைத்துப் பிடித்த "கேமரா பிரிண்ட்" கதையே வேறு. எந்த பிளேயரும் அதைக் காப்பாற்றாது. 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து வீடியோ திருட்டையும் அதில் சேர்த்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவரும் படத்தைத் திருடி விற்பவரும் ஒரே சட்டப்புத்தகத்தில்! இருந்தாலும் வியாபாரம் நிற்கவில்லை. அதற்கு நியாயமான ஒரு காரணமும் இருந்தது. புதுத் தமிழ்ப் படத்தின் முறையான டிவிடி இங்கே கடையில் கிடைப்பது அரிது. நல்ல தட்டுகள் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வந்தன. லண்டனைச் சேர்ந்த ஐங்கரன் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. கோடம்பாக்கம் இருப்பது இதே பீச்–தாம்பரம் ரயில் பாதையில். அங்கே எடுத்த படம் லண்டன் போய், டிவிடியாகி, யாரோ ஒருவர் பெட்டியில் திரும்பி வந்து, 8.5 ஜி.பி.யை 4.7க்குள் சுருக்கி நகலெடுக்கப்பட்டு, பர்மா பஜார் வழியாகத் தாம்பரம் வந்து சேர்ந்தது. இதைவிடச் சுற்றுவழி இருக்கமுடியாது.

இப்படி வந்த தட்டுகளில் இன்னொரு சிக்கல், பல தட்டுகள் அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் இருந்தன. 576 வரிக்குப் பதில் 480 வரி. பழைய பால் டிவியில் போட்டால் படம் உருளும், அல்லது கறுப்பு வெள்ளையாகிவிடும். பிளேயர் மெனுவில் "பால்" என்று கட்டாயப்படுத்தினால் படம் நிற்கும், ஆனால் அசைவு வெட்டி வெட்டி ஓடும். டிவி இரண்டையும் ஏற்கும் என்றால் "ஆட்டோ" அல்லது "மல்டி" என்று வைப்பதே சரி. இந்த ஒரு அமைப்பை மாற்றினாலே தீர்ந்திருக்கக்கூடிய எத்தனையோ "பிளேயர் ரிப்பேர்" மெக்கானிக் கடைகளில் லென்ஸ் துடைத்துக் காசு வாங்கப்பட்டிருக்கும்.

2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்தபோது ஆட்டமே மாறியது. திருட்டுத் தட்டின் விலைக்கே அசல் தட்டு! அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தல் வாக்குறுதிப்படி அரசு கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல இலவச கலர் டிவியும் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. மலிவான சீன பிளேயர், இலவச டிவி, 34 ரூபாய் தட்டு. ஹோம் சினிமா என்ற பணக்கார வார்த்தை செலையூர், மேடவாக்கம் பக்கத்து ஒற்றை அறை வீடுகளுக்கும் வந்தது இப்படித்தான். 14 அங்குலத்தில் குறைகள் தெரியாது என்பதும் ஒரு வசதி.

குறை வெளியே வந்தது பெரிய தட்டை டிவி வந்த பிறகு. 1973இல் வந்த ராஜராஜ சோழன்தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன் பிறகு ஸ்கோப் நமக்குப் பிடித்துப்போய்விட்டது. உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலம். அந்தப் படத்தைப் பழைய 4க்கு 3 கட்டத்துக்குள், மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிவு செய்தால் 576 வரியில் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 327 வரிதான். மீதி எல்லாம் கறுப்பைச் சேமித்துவைத்த வரி! 16க்கு 9 முறைப்படி, அதாவது படத்தை நெருக்கிப் பதிந்து திரையில் விரிக்கும் அனமார்ஃபிக் முறையில் செய்தால் 436 வரி கிடைக்கும். பல தமிழ் டிவிடிகள் முதல் வகை. அகலத் திரை டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை போலப் படம். ரிமோட்டை எடுத்து இழுத்துவிட்டால் முகமெல்லாம் பூசணிக்காய். டிவியில் 4க்கு 3 என்று வைத்து, பிறகு "ஜூம்" செய்வதுதான் உருவம் கெடாமல் பார்க்க ஒரே வழி.

கலர் விஷயத்தில் நம்மவர்கள் ரசனை எப்போதும் தூக்கல்தான். கடைக்காரர்கள் வைத்த "விவிட்" அமைப்பை வீட்டிலும் மாற்றமாட்டார்கள். வெள்ளை என்றால் டியூப்லைட் வெள்ளை, நீலம் பாய்ந்திருக்கவேண்டும். படக்காட்சிக்கான வெள்ளையின் உலக அளவுகோல் 6500 கெல்வின், கொஞ்சம் சூடான வெள்ளை. டிவி மெனுவில் "வார்ம்" என்று இருப்பது பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் வரும். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் கண் பழகிவிடும். தூர்தர்ஷன் நிகழ்ச்சி தொடங்குமுன் "ஊ..." என்ற சத்தத்தோடு காட்டிய வண்ணப் பட்டைகள் எதற்கென்று பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது. டிவியின் நிறத்தைச் சரிபார்க்கும் பட்டைகளும் அவைதான். அமெரிக்காவில் 1997இல் ஜோ கேன் வெளியிட்ட வீடியோ எசென்ஷியல்ஸ் என்ற டிவிடி இதே வேலையை வீட்டுக்காரர் கையில் கொடுத்தது. இங்கே பட்டைகள் இலவசமாக ஓடியும் யாரும் திருகைத் தொடவில்லை!

மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது. 34 ரூபாய் தட்டுகள் இன்று அலமாரிகளில் தூங்குகின்றன. ஆனால் அவற்றைக் குப்பையில் போடுமுன் ஒரு விஷயம். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் (1931) இன்று இல்லை. கர்ணன் (1964) படத்தைச் சீர்செய்து 2012இல் மறுபடி தியேட்டரில் வெளியிட்டார்கள், கூட்டம் வந்தது. அந்த அதிர்ஷ்டம் எல்லாப் படத்துக்கும் கிடையாது. நெகடிவ் கெட்டுப்போன ஒரு படத்துக்கு அந்தக் கீறல் விழுந்த டிவிடியே மிச்சமிருக்கும் நல்ல பிரதியாக இருக்கலாம். வீட்டில் பதிந்த கல்யாண டிவிடி விஷயம் இன்னும் அவசரம். கடையில் விற்ற தட்டு அச்சில் அழுத்தியது. கல்யாண டிவிடி சாயத்தில் எரித்தது. வெயிலும் ஈரமும் சாயத்துக்கு ஆகாது, சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

ஆகவே தட்டு ஓடும்போதே கம்ப்யூட்டரில் நகலெடுத்துக்கொள்வது நல்லது. நகலெடுக்கும்போது சுருக்காமல் அப்படியே எடுக்கவேண்டும், பஜார்காரர் செய்த தவறு வீட்டிலும் வேண்டாம். எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் கிடைத்தால் 576பி என்று வைத்து, பெரிதாக்கும் வேலையை டிவியிடம் விட்டும், பிளேயரிடம் கொடுத்தும் பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். ஷார்ப்னெஸைப் பாதிக்குக் கீழே இறக்கவேண்டும், அசைவை வழுக்கலாக்கும் அமைப்பை அணைக்கவேண்டும். கறுப்பு சாம்பலாகவோ, நிழலெல்லாம் ஒரே இருட்டாகவோ தெரிந்தால் பிளேயரும் டிவியும் வேறு வேறு ஆர்ஜிபி அளவில் இருக்கின்றன என்று பொருள், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். எச்டிஎம்ஐ இல்லையா? பிளேயரின் முதுகில் தூசி படிந்த அந்த மூன்று துளைகளை ஒருமுறை பார்க்கவும். டிவியிலும் அதே மூன்று நிறத்தில் துளைகள் இருந்தால் மஞ்சள் கேபிளைக் கழற்றிவிடலாம்.