பட்டணத்தை யார் கட்டினது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க, பிடிச்சிருந்தா குடும்பக் குழுவுல பகிருங்க.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைகள்கிட்ட எந்த ஊருன்னு கேட்டா, பல பேர் "ஷா ஆலாம் பக்கம்", "சுங்கை பூலோ தாண்டி"ன்னு சொல்றாங்க. சொந்த ஊர் பேரைச் சொல்ல ஒரு தயக்கம். சொன்னா, "அங்க என்ன இருக்கு?"ன்னு கேட்டுடுவாங்களோன்னு ஒரு கூச்சம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கோலசிலாங்கூர் ஒரு காலத்துல தலைநகரம். பூகிஸ் வம்ச சுல்தான்கள் புக்கிட் மெலாவத்தி குன்றுல இருந்து ஆட்சி செய்தாங்க. 1784-ல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடிச்சு, தங்களோட தலைமை ஆளுநர் அல்ட்டிங் பேரை அதுக்கு வச்சாங்க. அடுத்த வருஷமே சுல்தான் இப்ராஹிம் கோட்டையைத் திரும்பப் பிடிச்சார். 1871-ல் ஆங்கிலேயர் போர்க்கப்பல் ஆத்து முகத்துவாரத்துல நின்னு பீரங்கிக் குண்டு போட்டது. குன்று மேல இருக்கிற கலங்கரை விளக்கம் 1907-ல் கட்டினது. வெளியூர்க்காரங்க வந்து குன்று மேல ஏறி, வெள்ளிக்குரங்குக்குக் கடலை கொடுத்து, இந்தக் கதையைக் கேட்டுட்டுப் போறாங்க. நல்ல கதைதான். ஆனா நாம சொல்ற வரலாறு பெரும்பாலும் அங்கேயே நின்னு போயிடுது. கோட்டைக்குப் பின்னால வந்த நூறு வருஷத்துல பட்டணத்தை நிக்க வச்சது யாரு?

பதில் குன்று மேல இல்ல, ஆத்தங்கரை ஓரமா உள்ள போனா இருக்கு.

ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-ல் மலாயா வந்து, பெர்ஜுந்தை பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917-ல் தெனமாராம் தோட்டத்துல செம்பனை நடப்பட்டது. இந்த நாட்டுல வியாபாரத்துக்காகப் போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். மலேசியா செம்பனை எண்ணெய்ன்னு உலகம் முழுக்க இன்னிக்குப் பேரு இருக்கே, அது ஆரம்பிச்ச இடம் நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு. மலாயாத் தோட்ட வாழ்க்கையை வச்சு அவர் எழுதின நாவலுக்கு 1930-ல் பிரான்ஸ் நாட்டின் கோன்கூர் பரிசு கிடைச்சது. அந்த நாவல்ல தமிழர்களும் வர்றாங்க.

தொரை பேரு புத்தகத்துல இருக்கு. கன்னு நட்டவங்க பேரு இல்ல. காட்டைத் திருத்தினதுல ஜாவாக்காரங்க, சீனவங்க, மலாய்க்காரங்க எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனா பால்மரத் தோட்டத்துல விடியக்காலை பெரட்டுக்கு நின்னு, வெட்டுக்கத்தியும் வாளியுமா வெளிக்காட்டுக்கு நடந்தவங்க பெரும்பாலும் கங்காணி மூலமா கப்பல் ஏறி வந்த நம்ம பாட்டன் பாட்டிங்கதான். 1938-ல் இந்திய அரசாங்கம் அந்த ஆள் அனுப்புறதை நிறுத்துற வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தாங்க. 1923 தொழிலாளர் சட்டம், 7-லிருந்து 14 வயசுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தா தோட்டத்துல பள்ளிக்கூடம் வைக்கணும்னு சொன்னது. நம்ம வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் பலதும் அப்படி முளைச்சதுதான். ஹோப்ஃபுல், ராஜா மூசா, கோல்ஃபீல்ட்ஸ், மேரி, நைகல் கார்ட்னர்னு தோட்டத்துப் பேர்கள் இன்னிக்கும் பள்ளிக்கூடப் பலகையில இருக்கு.

இந்தத் தோட்டங்களுக்கும் பட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பள நாள். அதுதான் சம்பந்தம்.

தோட்டத்துக்குள்ள லயம், கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, ஒரு மளிகைக்கடை. மத்த எல்லாத்துக்கும் பட்டணம் போகணும். சம்பளம் போட்ட வாரம் ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல நிக்க இடம் இருக்காதுன்னு பெரியவங்க சொல்வாங்க. துணிக்கடை, நகைக்கடை, தையல்காரர், முடிவெட்டும் கடை, சைக்கிள் கடை, சாப்பாட்டுக்கடை, படக்கொட்டகை. சீனத் தவுக்கே 555 நோட்டுப் புத்தகத்துல கடன் எழுதி வச்சு, சம்பளத்தன்னிக்குக் கணக்குத் தீர்ப்பார். தீபாவளிக்கு முந்தின சம்பளத்துல கடைக்காரங்களுக்கு ஒரு வருஷ வியாபாரம். பெர்ஜுந்தையில ஈய லம்பத்துல வேலை செஞ்சவங்க சம்பளமும் அதே கடைத்தெருவுலதான் இறங்கிச்சு. கடை முதலாளி யாரா இருந்தாலும், அந்த ரெண்டு மாடிக் கடைவீட்டு வரிசையை நிக்க வச்ச காசுல பெரும் பகுதி தோட்டத்துக் காசு. பட்டணத்தை யார் கட்டினதுன்னு கேட்டா, நாமளும் கட்டினோம்னு தைரியமா சொல்லலாம்.

அந்த ரோட்டுல தலை நிமிர்ந்து போறதுக்கும் ஒரு விலை கொடுத்திருக்காங்க. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டாங்க, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கேட்டாங்க, கள்ளுக்கடையை மூடச் சொன்னாங்க. அதோட இன்னொரு கோரிக்கை: தொரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும்ங்கிற வழக்கத்தை ஒழிக்கணும். மே மாசம் சிலாங்கூர்ல அவசரநிலை போட்டு, பட்டாளத்தை இறக்கினாங்க. துப்பாக்கிச் சூட்டுல தொழிலாளிகள் செத்தாங்க. தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினாங்க. சம்பளத்தோட சேர்த்து, சைக்கிள்ல உட்கார்ந்தபடியே ரோட்டுல போற உரிமையையும் கேட்டவங்க அவங்க. ஊர்ப் பெருமைன்னு இன்னிக்குப் பேசறோமே, அது நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்ல.

அப்புறம் எப்படி இந்தப் பட்டணங்கள் மங்கிப் போச்சு? ஒரே நாள்ல நடக்கல. சுதந்திரத்தை ஒட்டின வருஷங்கள்ல பல வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தாங்க. ரப்பர் போய் செம்பனை வந்தது, அதுக்கு ஆள் குறைவாப் போதும். 1985-ல் உலகச் சந்தையில ஈய விலை சரிஞ்சது, லம்பம் எல்லாம் குளமாச்சு. அதே காலத்துல ஷா ஆலாம், ரவாங், சுங்கை பூலோவுல தொழிற்சாலைகள் வந்தது. எங்க தலைமுறை ஃபேக்டரி பஸ் ஏறினது அப்பத்தான். அது நல்லதுதான், குடும்பம் தலையெடுத்தது. ஆனா ஆளு மட்டும் போகல, சம்பளமும் கூடவே போச்சு. வேலை செய்யற இடத்துலயே சாமான் வாங்க ஆரம்பிச்சோம், அப்புறம் அங்கேயே வீடும் வாங்கினோம். தோட்டத்துல குத்தகைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலை மாறிச்சு. லயம் காலியாச்சு, கடைத்தெருவும் காலியாச்சு. உலுசிலாங்கூர் பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய 5 தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக 20 வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க. 2007-ல் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பேரும் பெஸ்தாரி ஜெயா ஆச்சு. நாம இன்னும் பெர்ஜுந்தைன்னுதான் சொல்றோம்.

இதே மாதிரி கதை உலகத்துல வேற இடத்துலயும் நடந்திருக்கு. அமெரிக்காவின் தென்பகுதியில தென் கரோலைனா மாநிலத்துல கிரீன்வில்னு ஒரு நடுத்தர ஊர். பஞ்சாலை ஊரு. நம்ம லயம் மாதிரியே ஆலை முதலாளி கட்டின வரிசை வீடு, ஆலைக் கடை, ஆலைப் பள்ளிக்கூடம். ஆலைகள் மூட, வியாபாரம் ஊருக்கு வெளியே மால் பக்கம் போக, பெரிய கடைத்தெரு வெறிச்சோடிப் போச்சு. 1971-லிருந்து 1979 வரைக்கும் அங்க மேயரா இருந்தவர் மேக்ஸ் ஹெல்லர். நாஜிகள்கிட்ட இருந்து தப்பி வியன்னாவுல இருந்து வந்த அகதி, வந்ததும் ஒரு சட்டைத் தொழிற்சாலையில வேலைக்குச் சேர்ந்தவர். கடைத்தெருவுல 4 தடத்தை 2 தடமாக் குறைச்சு, நடைபாதையை அகலமாக்கி மரம் நடற வேலையை ஆரம்பிச்சு வச்சவர் அவர்தான். ஊர் நடுவுல இருந்த அருவியை ஒரு பழைய ரோட்டுப்பாலம் மறைச்சிருந்தது. அதை 2002-ல் உடைச்சு, 2004-ல் பூங்காவும் நடைப்பாலமும் திறந்தாங்க. கணக்குப் பார்த்தா 30 வருஷ வேலை. ஃபேக்டரியில மெஷின் பராமரிப்பு பார்க்கிறவங்களுக்குத் தெரியும்: பெயிண்ட் அடிச்சா மெஷின் ஓடாது, தினமும் பார்க்கணும்.

ஆனா அதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்கு. ஊர் அழகானதும் வாடகை ஏறி, பழைய குடியிருப்புகள்ல இருந்த கறுப்பின மக்கள் பல பேர் நகர வேண்டி வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம பினாங்கைப் பாருங்க. 2000-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிஞ்சதும் ஜார்ஜ்டவுன்ல தலைமுறை தலைமுறையா இருந்த குடும்பங்கள் வெளியேறினாங்க. 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தப்ப கட்டடம் இருந்தது, பழைய ஆளுங்க பல பேர் இல்ல.

இப்ப நம்ம பக்கம் காத்து திரும்பியிருக்கு. 2011-ல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர்ல இருந்து வர்றது சுலபம். கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சியைப் பார்க்கவும், பாசிர் பெனாம்பாங்ல மீன் சாப்பிடவும் கூட்டம் வருது. 2013-ல் குடமுழுக்கு கண்ட புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்கு நாடு முழுக்க இருந்து பக்தர்கள் வர்றாங்க. பெர்ஜுந்தையில பல்கலைக்கழகம் இருக்கு. 2021-ல் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமா உயர்ந்தது. இனிமே திட்டங்கள் வரும், புதுத் தாமான்கள் வரும், நிலத்து விலை ஏறும். வரட்டும், சந்தோஷம். அந்தத் திட்டத்துல நாம இருக்கோமா என்பதுதான் கேள்வி. பஸ்ஸுல வந்து படம் பிடிச்சுட்டுப் போறவங்களுக்காக மட்டும் ஒரு பட்டணம் நிக்காது. தினமும் அதுல புழங்குற ஆளு வேணும்.

நம்மால முடிஞ்சது மூணு காரியம்.

ஒண்ணு, 1976 நகர, கிராமத் திட்டச் சட்டப்படி உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வச்சு ஆட்சேபனை கேட்கணும். அறிவிப்பு வரும்போது கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமான் ஆளுங்க எல்லாரும் போய்ப் பார்க்கணும். தோட்டத்துக் கோயிலும் சுடுகாடும் வரைபடத்துல இருக்கான்னு பார்த்து, இல்லன்னா எழுத்து மூலமா கொடுக்கணும். தோட்டம் கைமாறின பிறகு ஓடறதைவிட அது சுலபம்.

ரெண்டு, தோட்டத்துப் பேர்களை எழுதி வைக்கணும். எந்த டிவிஷன், எத்தனை லயம், கோயில் எப்போ கட்டினது, கிராணி யாரு, வாத்தியார் யாருன்னு சொல்லக்கூடிய பெரியவங்க இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்காங்க. கைப்பேசியில பதிவு பண்ணுங்க. பழைய படம் இருந்தா பின்பக்கம் பேரு, வருஷம் எழுதுங்க.

மூணு, மாசம் ஒரு தடவையாவது சம்பளத்துல கொஞ்சம் நம்ம கடைத்தெருவுல செலவு பண்ணுங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய், தாத்தா துணி எடுத்த கடை எது, படம் பார்த்த கொட்டகை எங்க இருந்ததுன்னு காட்டுங்க. இந்த ஊர் யாரு கட்டினதுன்னு தெரிஞ்ச பிள்ளை, ஊர் பேரைச் சொல்லக் கூச்சப்படாது.

தோட்டத்துப் பேரு, வருஷம் தெரிஞ்சவங்க கருத்துப் பகுதியில எழுதுங்க. தப்பு இருந்தா திருத்துங்க, ஒண்ணு விடாம சேர்த்து வைப்போம்.