பற்றும் பிளாஸ்திரியும்: தோல்வழி மருந்தின் கதை

சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 என வகுத்துரைக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது எனத் தொடங்கும் அவ்வரிசையில் களிம்பும் சீலையும் இடம்பெறுகின்றன. அரைத்த மருந்தைத் தோலின்மேல் அப்புவது பற்று. மருந்தைத் துணியில் தடவி ஒட்டுவது சீலை. பற்று என்னும் சொல் பேச்சில் 'பத்து' ஆகி, சுக்குப்பத்தாக இன்றும் நம் வீடுகளில் வாழ்கிறது. பின்னர் பிளாஸ்திரி வந்தது. இப்போது மருந்துக்கடையில் 'பேட்ச்' என்று கேட்டு வாங்குகிறோம். சொற்கள் மாறினாலும் அவற்றின் அடியில் கிடக்கும் வினா ஒன்றே: தோலின்மேல் வைத்த மருந்து உண்மையிலேயே உள்ளே போகிறதா?

இவ்வினாவுக்கான முதல் தெளிவான விடைகளில் ஒன்று மருத்துவமனையில் கிடைக்கவில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் கிடைத்தது. இத்தாலியின் துரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ 1847-இல் நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். அதைச் சிறிதளவு நாவில் வைத்துப் பார்த்தபோது கடும் தலைவலி உண்டாயிற்று. ஆல்ஃபிரட் நோபல் 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றபின், அப்பொருளைக் கையால் கையாளும் தொழிலாளர் பெருகினர். அவர்கள் அதை உண்ணவில்லை. தொட்டார்கள், அதன் ஆவியைச் சுவாசித்தார்கள். ஆயினும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைவலி வந்தது. நாளடைவில் உடல் பழகிக்கொள்ள, வலி நின்றது. ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் அது மீண்டும் தொடங்கியது. அந்தப் பழக்கத்தை இழந்துவிடாதிருக்கச் சிலர் விடுமுறை நாளிலும் தொப்பியின் உட்பட்டையில் சிறிது மருந்தைத் தடவி அணிந்தனர் என்று கூறப்படுகிறது. மருந்து தடவிய பட்டை, தோலோடு ஒட்டி, நாள் முழுவதும். பெயர் வைக்கப்படாத முதல் பேட்ச் அதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

இதே பொருள் மார்புவலியைத் தணிக்கும் என 1879-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல் எழுதினார். நோபல் தம் இறுதி ஆண்டான 1896-இல் இதய நோயுற்றபோது, மருத்துவர்கள் அவருக்குப் பரிந்துரைத்ததும் நைட்ரோகிளிசரினே. வெடியாகவும் மருந்தாகவும் ஒரே பொருள் நிற்கும் விந்தையை அவரே தம் கடிதம் ஒன்றில் குறித்திருக்கிறார்.

பேட்ச் என்னும் கருவியை இன்றைய வடிவில் எண்ணிப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் உருகுவேயில் பிறந்த வேதியியலறிஞர் அலெஹாந்த்ரோ சஃபரோனி. தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'அல்சா' என்ற நிறுவனத்தை 1968-இல் தொடங்கினார். மாத்திரை விழுங்கினால் குருதியில் மருந்தின் அளவு ஏறும், பின் இறங்கும். இந்த ஏற்ற இறக்கமின்றிச் சீராக மருந்தைச் செலுத்த வேண்டும் என்பதே அவர் எண்ணம். அமெரிக்காவில் 1979-இல் முதல் பேட்ச் ஒப்புதல் பெற்றது. காதின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் சிறு வட்டு. கடற்பயணக் குமட்டலைத் தடுப்பது. மூன்று நாள்களில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் மருந்தை மட்டுமே உடலுக்குள் விடுவது. அதில் இருந்த ஸ்கோபலமின், நம் ஊர்ப் புறம்போக்கில் வளரும் ஊமத்தையிலும் உள்ள நஞ்சுதான். ஊமத்தை இலையை வதக்கி வீக்கத்துக்குக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒரே நஞ்சு, அதை அளந்து, நேரம் குறித்து விடுவதில்தான் புதுமை இருந்தது.

1981-இல் நைட்ரோகிளிசரின் பேட்ச் வந்தது. இங்கே வரலாறு தன் பாடத்தை மறுபடியும் நடத்தியது. 24 மணி நேரமும் ஒட்டியிருந்தால் மருந்து சில நாள்களிலேயே வலுவிழப்பதை மருத்துவர்கள் கண்டனர். ஆலைத் தொழிலாளரின் தலைவலி நின்றுபோனதும் இதே காரணத்தால்தானே! அதனால் இன்று அதை இரவில் கழற்றி, 10 முதல் 12 மணி நேரம் தோலுக்கு இடைவெளி தரச் சொல்கிறார்கள். ஆலைக்கு வெளியே கழிந்த ஞாயிற்றுக்கிழமையின் வேலையை இப்போது அந்த இரவு இடைவெளி செய்கிறது.

புகையிலையின் கதையும் இத்தகையதே. மழையிலோ பனியிலோ நனைந்த இலைகளைப் பறிக்கும் கூலியாள்களுக்குக் குமட்டலும் மயக்கமும் உண்டாவதுண்டு. ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் தோலுக்குள் இறங்குவதே காரணம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மரே ஜார்விக்கும் ஜெட் ரோசும் இதிலிருந்து ஓர் எண்ணம் கொண்டனர். பிறர்மீது சோதிக்க ஒப்புதல் கிடைக்காததால் தம் தோலிலேயே சோதித்துப் பார்த்தனர். நிக்கோட்டின் பேட்ச் 1991-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தோல் ஒரு வாசல் என்பதை முதலில் உணர்ந்தவை உழைப்பாளிகளின் உடல்கள். அதை அறிவியல் படித்துக்கொண்டது பின்னால்தான்.

ஆனால் அந்த வாசல் குறுகியது. தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கே தடிமன் உடையது. எனினும் மூலக்கூற்று எடை 500 டால்டனுக்கு மிகுந்த பொருள்களை அது எளிதில் விடுவதில்லை. போஸ், மைனார்டி என்னும் இருவர் 2000-இல் இதை ஒரு விதியாகவே முன்வைத்தனர். நிக்கோட்டின் 162, நைட்ரோகிளிசரின் 227, ஸ்கோபலமின் 303. இன்சுலினோ 5,800. வெறும் ஒட்டுப்பட்டையில் இன்சுலின் தருவதாக எவரேனும் சொன்னால், இந்த ஓர் எண்ணே அவருக்கு மறுமொழி.

எல்லாப் பட்டைகளும் குருதியை நாடுவனவல்ல. ஒட்டிய இடத்தின் வலியை மட்டும் தணிப்பவை தனிக் குடும்பம். ஜப்பானின் சாகா மாநிலத்தைச் சேர்ந்த ஹிசமிட்சு நிறுவனம் 1934-இல் வெளியிட்ட சலோன்பாஸ் இவ்வகை. அதற்கு முந்தைய கறுப்புப் பிளாஸ்திரி துணியைக் கறைப்படுத்தியது. இது வெள்ளையாக வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்க்கு இத்தகைய பிளாஸ்திரி மலாய்ச் சொல்லால் 'கோயோக்' என்று பழக்கம். தெருவோரம் கூட்டம் கூட்டி அதை விற்றவர்களின் வாய்ச்சாலத்திலிருந்து 'ஜுவால் கோயோக்' என்றொரு வழக்கு பிறந்தது. நேர்ப்பொருள் 'கோயோக் விற்பது'. வழக்கில் அளந்து விடுவது, புளுகுவது.

அவ்வழக்கு இன்றும் பொருளிழக்கவில்லை. உள்ளங்காலில் ஒட்டி உறங்கினால் உடலின் நஞ்சை உறிஞ்சும் என்று விற்கப்பட்ட பட்டைகள்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2009-இல் வழக்குத் தொடுத்தது. காலையில் அப்பட்டை கறுத்திருப்பது நஞ்சால் அன்று. வியர்வையின் ஈரம் பட்டாலே அது கறுக்கும். எனவே பட்டை வாங்குவோர் உறையில் மூன்றைத் தேட வேண்டும்: மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணி நேரத்துக்கு என்பது. இம்மூன்றும் இன்றி 'ஆற்றல்', 'அதிர்வு' என்ற சொற்கள் மட்டும் இருந்தால், அது கோயோக் விற்பனையே.

மறுபக்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மெய்யான மருந்துப் பட்டையை வெறும் ஒட்டுத்தாளாக எண்ணிவிடுவது. புற்றுநோய் வலிக்குத் தரப்படும் ஃபென்டனில் பேட்ச் பொதுவாக மூன்று நாள் வேலை செய்யும். அதன் பின்னும் அதில் மருந்து எஞ்சியிருக்கும். கழற்றிப் போட்டதை எடுத்து வாயிலிட்டும் உடலில் ஒட்டிக்கொண்டும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-இல் இதைப் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது. சூடு மற்றோர் எதிரி. காய்ச்சலோ வெந்நீர் ஒற்றடமோ தோலின் வாசலை அகலத் திறந்துவிட, மருந்து அளவுக்கு மீறி விரைந்து உள்ளே இறங்கக்கூடும்.

ஆகவே, பாட்டி பத்துப் போட்டபோது கைக்கொண்ட ஒழுங்கு இங்கும் வேண்டும். பழையதை எடுத்த பிறகே புதியதை இடுவது. ஒவ்வொரு முறையும் புண்ணில்லாத வேறிடம் தேர்வது. மருத்துவர் சொல்லாமல் வெட்டாதிருப்பது. ஒட்டிய கையைக் கழுவுவது. ஸ்கோபலமின் பட்ட விரல் கண்ணில் பட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் உடனே அகற்றிவிட வேண்டும். முதியவரின் முதுகில் பட்டை ஒட்டியிருக்கும் வீடுகள் நம்மிடையே இப்போது பல. அதே வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கக்கூடும்.