கெட்லே பெற்றது, கீஸ் பெயர் வைத்தது

பி.எம்.ஐ. என்ற பெயருக்கு வயது அதிகமில்லை, 1972-இல் வைத்தது. அது சுட்டும் கணக்கோ 1830-களைச் சேர்ந்தது. கணக்கைப் போட்டவர் மருத்துவரும் இல்லை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1796-இல் பிறந்த வானியலாளர் அடால்ஃப் கெட்லே. ஒரே விண்மீனைப் பலமுறை அளந்து சராசரி எடுத்தால் பிழை குறையும் என்பது வானியலாளர்களுக்குப் பழக்கமான வழி. அதை அவர் மனிதர்கள்மேல் போட்டுப் பார்த்தார். வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார். 1835-இல் வெளியிட்ட நூலில் அவர் தேடியது 'சராசரி மனிதனை'. யார் குண்டு, யார் ஒல்லி என்பதெல்லாம் அவர் கவலையே இல்லை.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்கு 'கெட்லே சுட்டெண்' என்று அவர் பெயரிலேயே வழங்கிவந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றதோ ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் எடை அட்டவணை. அதில் உடல்வாகு சிறிதா, நடுத்தரமா, பெரிதா என்று ஒரு பிரிவு. எப்படி அளந்து சொல்வது என்றுதான் தெளிவில்லை. மினசோட்டாவின் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸுக்கு இது பிடிக்கவில்லை. ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, எந்தச் சூத்திரம் உடல் கொழுப்பைக் காட்டும் தோல்மடிப்பின் தடிமனோடு ஒத்துப்போகிறது என்று அவர் குழு பார்த்தது. அத்தனை பேரும் ஆண்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். கெட்லேயின் வகுத்தல் தேறியது. பழைய பெயர் போய் 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' வந்தது.

தமிழ்நாட்டில் அதை உடல் நிறைக் குறியீட்டெண் என்று எழுதுகிறோம். 'மாஸ்' இலங்கைப் பாடநூல்களில் 'திணிவு' என்பதால், அங்கே உடற்திணிவுச் சுட்டி. எந்தப் பெயரிலும் கொழுப்பு கிடையாது. சரிதான், சூத்திரத்திலும் கிடையாது. தசை, எலும்பு, தண்ணீர், தொப்பை எல்லாம் சேர்ந்து ஒரே நிறை.

ஒருவர் உயரம் 1.7 மீட்டர், எடை 72 கிலோ என்று வையுங்கள். 1.7-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 2.89, அதால் 72-ஐ வகுத்தால் 24.9. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான எல்லை 25, ஆகவே இயல்பு எடை. ஆசியர்களுக்கு 23-லேயே சர்க்கரை, இதய நோய் அபாயம் தொடங்கிவிடலாம் என்று அதே நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இந்திய மருத்துவர்கள் பின்பற்றுவதும் 23-தான். அந்தக் கணக்கில் அதே ஆள் அதிக எடைக்காரர். எந்த எல்லையை வைத்தாலும் இந்த எண் தொப்பையைத் தனியாகக் காட்டாது, அதனால்தான் எடை பார்த்த கையோடு இஞ்ச் டேப்பையும் எடுக்கிறார்கள்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள்.