சுகாதாரப் பொருளியல் முதுநிலைப் படிப்பு: தமிழ்நாடும் சேர்வராயன் மலையும்

நோய்க்கும் மருத்துவத்துக்கும் ஒரு சமூகம் எவ்வளவு செலவிடுகிறது, அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது, அதே பணத்தில் இன்னும் பலரைக் காப்பாற்ற முடியுமா என்று ஆராய்வது சுகாதாரப் பொருளியல். இதன் வரலாற்றை அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சிகிச்சை தேவை என்பதை நோயாளியைவிட மருத்துவரே அறிவார். ஆகவே மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போல இயங்காது என்றார் ஆரோ.

தமிழ்நாட்டு மாணவர் இன்னும் சற்று முன்னே போகலாம். 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதா என்று அது ஒப்பிட்டுப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுச் சிகிச்சையில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய்த்தொற்று ஆபத்து கூடவும் இல்லை. படுக்கைகளுக்குப் போக வேண்டிய பணம் மருந்துக்குப் போகலாம் என்பது அன்று உறுதியாயிற்று. செலவையும் பலனையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இத்துறைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைப்பது கடினம். அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்தியாவில் இத்துறை பெரும்பாலும் தனிப் பட்டமாக இல்லை, எம்.ஏ. பொருளியலிலோ பொது சுகாதார முதுநிலைப் பட்டத்திலோ ஒரு தாளாக இடம்பெறுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் பொது சுகாதார முதுநிலைப் பட்டம் வழங்கிவருகிறது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் மானுடப் புலங்கள், சமூக அறிவியல் துறையில் வி. ஆர். முரளீதரன் நெடுங்காலம் சுகாதாரப் பொருளியலை வளர்த்தவர். 2017-இல் மத்திய அரசு மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பை ஏற்படுத்திய பிறகு, இப்படிப்பு முடித்தவர்களுக்கு அரசுத் தரப்பிலும் வேலை உருவானது.

பாடத்திட்டத்தில் நுண்பொருளியல், புள்ளியியல், காப்பீட்டுக் கோட்பாடு, செலவு-பயன் பகுப்பாய்வு ஆகியவை இருக்கும். ஒரு சிகிச்சை எத்தனை ஆண்டு ஆயுளை, எந்தத் தரத்தில் கூட்டுகிறது என்று கணக்கிடப் பழக்குவார்கள். தேசிய சுகாதாரக் கணக்குகளைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்: நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடு, 2021-22-இல் 39.4 விழுக்காடு.

இந்தக் கணக்கு எங்கே தடுமாறும் என்பதைக் காட்டச் சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலை நல்ல களம். அம்மலையில் உள்ள ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. 1820-களில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த காப்பி இன்றும் பலருக்குக் கூலி தருகிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் முதலாளிகள்மீது மருத்துவ வசதி செய்யும் கடமையை வைத்தது. ஆனால் 1981 திருத்தத்துக்குப் பிறகும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் பொதுவாக அதன் வரம்புக்குள் வரவில்லை. சிறு தோட்டத்தில் கூலிக்குப் போகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் சேலம் அரசு மருத்துவமனையும்தான் வழி.

அங்கே சிகிச்சை இலவசம். 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் வழிவந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரிய அறுவைச் சிகிச்சைகளின் செலவை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பேருந்துக் கட்டணம், கூடவருபவரின் அன்றைய கூலி, சாப்பாடு, ராத்தங்கல் இவற்றை எந்தக் காப்பீடும் தருவதில்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஒரு நாளை இழப்பது இன்னும் வலிக்கும். ஆகவே ஆய்வுக்குச் செல்லும் மாணவர் மருத்துவமனை ரசீதோடு நின்றால் பாதிச் செலவைத் தவறவிடுவார். பறிப்புக் காலத்திலும் மற்றக் காலத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். செலவுக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே வராதவர்களை வீடு தேடிச் சென்று பார்ப்பதும் அவசியம். பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது.

மக்கள்தொகை குறைந்த மலையில் ஒரு செவிலியரை அமர்த்தினால் நோயாளி ஒருவருக்கான செலவு சமவெளியைவிட அதிகமாகத் தெரியும். அந்த ஓர் எண்ணை வைத்து நிலையத்தை மூடச் சொல்வது தவறான பொருளியல். மூடிய பிறகு அந்தச் செலவு அரசுக் கணக்கிலிருந்து நோயாளியின் குடும்பத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். சூளகிரி, விராலிமலை, வேப்பூர் வட்டாரங்களில் தமிழக அரசு துணைச் சுகாதார நிலையங்களை வலுப்படுத்தி நடத்திய முன்னோடித் திட்டத்தை ஐ.ஐ.டி. குழு ஆராய்ந்தது. மக்கள் அந்நிலையங்களை அதிகம் நாடினர். தனியாரிடம் போவதும் கைச்செலவும் குறைந்தன. 2021 ஆகஸ்டில் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மலையூர்களில் ஒரு வீட்டுக்குப் போய்வர ஆகும் நேரத்தையும், அதனால் மிச்சமாகும் பயணத்தையும் கூலியையும் சேர்த்து அளப்பது முதுநிலை ஆய்வேட்டுக்குத் தக்க அளவுள்ள வேலை.