மெய்நிகர் கணினியின் ஃபர்ம்வேர் கண்டறிதல் (லினக்ஸ்)

மெய்நிகர் கணினிக்கு ஏற்ற யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரை, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் தானே தேடிப் பொருத்தும் முறை, 2019இல், 5.2 பதிப்பில் வந்தது. ஓவிஎம்எஃப் என்ற யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரின் கோப்பு வட்டில் இருந்தால் மட்டும் போதாது. கியூஎமுவின் ஃபர்ம்வேர் கோப்புறையிலுள்ள ஜேசான் விவரக்கோப்பைப் படித்தே லிப்வர்ட் தேர்கிறது. ‘பொருத்தமான ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை’ என்ற பிழை, ஃபர்ம்வேர் பொதி நிறுவப்படாததாலோ, கேட்ட வசதி எந்த விவரக்கோப்பிலும் இல்லாததாலோ எழலாம். செக்யூர் பூட் கேட்பவர் கியூ35 இயந்திர வகையைத் தேர்ந்திருக்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் வழிவந்தது. டெபியனில் ஓவிஎம்எஃப் தனிப் பொதி. எனவே பாஸில் இந்தப் பிழை வந்தால், முதலில் அப்பொதி நிறுவப்பட்டுள்ளதா எனப் பார்ப்பது நல்லது. ஹோஸ்ட் கணினி எந்த ஃபர்ம்வேர் வகைகளை அறிந்துள்ளது என்பதை விர்ஷின் டொம்கேப்பபிலிட்டீஸ் கட்டளை காட்டும். மெய்நிகர் கணினிக்குள் சிஸ் கோப்புறையின் ஃபர்ம்வேர் பகுதியில் இஎஃப்ஐ இருந்தால், அது யூஇஎஃப்ஐ வழியே துவங்கியிருக்கிறது.