இசைநாடகக் கல்விக்கான தெரிவுச் சோதனை (கொழும்புத் தமிழர்)

பாட்டு, ஆட்டம், நடிப்பு ஆகிய மூன்றும் கலந்த மேடைக் கலையைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்பும் மாணவர், எழுத்துப் பரீட்சைப் புள்ளிகளோடு நடுவர் குழுவின் முன் நேரில் தம் திறமையையும் காட்ட வேண்டும். இதுவே தெரிவுச் சோதனை. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் இதைச் செயன்முறைப் பரீட்சை என்றும் உளச்சார்புப் பரீட்சை என்றும் அழைக்கின்றன. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் 'மியூசிக்கல் தியேட்டர்' என்று வழங்கும் பட்டத்துக்கு ஈடான ஒன்று இலங்கையில் தமிழ்மொழி மூலம் இல்லை. இங்கே இசை, நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை தனித்தனித் துறைகள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்து மூன்றிலும் ஓரளவு தேர்ந்த பிள்ளை, விண்ணப்பம் நிரப்பும்போதே ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஓரம் கட்ட வேண்டியிருக்கிறது. தமிழ் அரங்கின் வரலாற்றைப் பார்த்தால் இது அண்மைக்கால ஏற்பாடு. முன்னோர் இம்மூன்றையும் ஒன்றாகவே சோதித்தனர்.

அண்ணாவியாரின் தெரிவு

மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்துப் பழக முடிவானதும் ஊர் கூடும். என்ன கூத்து, வடமோடிப் பாணியா தென்மோடிப் பாணியா என்பது பேசப்படும். பிறகு கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் ஆட்களைத் தெரிவார். ஒருவரைப் பாடச் சொல்லிக் கேட்பார். மத்தளத்துக்கு ஏற்பக் கால் போகிறதா என்று பார்ப்பார். உயரம், உடற்கட்டு, குரலின் கனம் ஆகியவற்றைக் கொண்டு அரசனா, மந்திரியா, பெண் பாத்திரமா என்று முடிவு செய்வார். உரிய பாடல்களும் வசனங்களும் எழுதிய ஏட்டைக் கையில் கொடுக்கும் சடங்குக்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். சட்டம் கிடைத்தவர் பல மாதங்கள் களரியில் பழகி, சதங்கை அணிந்து, கடைசியில் அரங்கேறுவார்.

இந்தத் தெரிவில் குரலைத் தனியாகவும் காலைத் தனியாகவும் மதிப்பிட இடமில்லை. வடமோடிக் கூத்தர் தம் பாட்டைப் பாடி முடித்ததும் பக்கப்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவர். அந்த இடைவெளியில் அவர் தாளக்கட்டுக்கு ஆட வேண்டும். உடனே அடுத்த அடியை மூச்சு வாங்காமல் எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத களரியில், விடியும்வரை, கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. நன்றாகப் பாடி ஆட்டத்தில் தடுமாறுபவருக்கு நல்ல பாத்திரம் கிடைக்காது. இன்று நியூயோர்க்கில் நடக்கும் தெரிவுகளில் நடுவர் தேடுவதும் ஏறத்தாழ இதையேதான்: ஆடிய கையோடு பாடவல்ல மூச்சு.

தொழில்முறை நாடகக் கம்பெனிகளின் வழி வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவரைச் சேர்க்கும்போது முதலில் கேட்டது குரலைத்தான். சாரீரம் நன்றாக இருந்தால் நடிப்பைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது வாத்தியார்களின் கணக்கு. பருவம் வந்து குரல் உடையும் மகரக்கட்டு அந்தச் சிறுவர்களுக்கு எதிர்பாராத மறுதெரிவு. நேற்றுவரை ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ போட்டவன், குரல் தேறாவிட்டால் கூட்டத்தில் நிற்கும் வேடத்துக்கு இறங்கினான். நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்களும் இப்படிச் சுவாமிகளின் சபாவில் வளர்ந்தவர்களே.

இந்த இசைநாடக மரபு கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து அதன் உச்சம். அவருடைய மயானகாண்டம் ஊர் ஊராக, கோயில் கோயிலாக ஆடப்பட்டது. கொழும்பிலோ பார்சி நாடகத்தின் செல்வாக்கில் வளர்ந்த சிங்கள நூர்த்திக்கு 1911இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. அதற்கு முந்திய சிங்கள நாடகம என்னும் பாட்டு நாடகமும் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் ஏற்ற கருத்து. ஆக, பாடி நடிப்பது இந்த நகரத்துக்கு மேற்கிலிருந்து வந்த புதுமையன்று.

பல்கலைக்கழகத்துக்குள் கூத்து

1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மேடையேற்றியதும், கிராமியப் பாட்டு நாடகம் படித்தவர் மத்தியில் மதிப்புப் பெற்றது. சரச்சந்திர கற்பித்த பேராதனை வளாகத்திலேயே தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, நேரத்தைச் சுருக்கி, மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவை 1960களின் தயாரிப்புகள். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி, மட்டக்களப்பில் தம் மாணவரைக் கொண்டு 'இராவணேசன்' நாடகத்தை மீளத் தயாரித்தார். வித்தியானந்தன் காலத்தில் நடிகரைத் தெரிந்தெடுத்தது பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக அன்று, ஒரு நாடகத்துக்காக. வரலாறோ பொருளியலோ படித்துக்கொண்டிருந்தவரும் குரலும் காலும் இருந்தால் மேடை ஏறலாம். அந்தத் தாராளம் பின்னாளில் துறைகள் உருவானபோது போய்விட்டது.

1970களின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கு நடத்திய நாடக டிப்ளோமாவில் பயின்ற குழந்தை ம. சண்முகலிங்கம், 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். களப்பயிற்சி, அரங்க விளையாட்டு, குழுவாகக் கற்பனை செய்து நடித்தல் முதலியவை தமிழ் நாடகக் கல்வியில் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இன்றைய செயன்முறைப் பரீட்சை அறையில் அவற்றின் சாயலைக் காணலாம்.

நிறுவனங்கள்

தமிழ்மொழி மூலம் படிக்க விரும்புபவருக்கு இரண்டு இடங்களே முதன்மை. யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் 1960இல் சு. நடேசபிள்ளை முயற்சியில் தொடங்கிய இராமநாதன் சங்கீத அக்கடமி ஒன்று. மகாராஜபுரம் சந்தானம் அதன் முதல்வராகப் பணிபுரிந்தார். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இராமநாதன் நுண்கலைக் கழகம் ஆனது. கர்நாடக இசையும் பரதமும் அங்கே பயிற்றப்படுகின்றன. நாடகமும் அரங்கியலும் அதே பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில், திருநெல்வேலி வளாகத்தில் வளர்ந்தது. பாட்டு ஓர் ஊரிலும் நடிப்பு இன்னோர் ஊரிலுமாக இருந்த இந்தப் பிரிவே நம் கல்விமுறையின் சிந்தனையைக் காட்டுகிறது.

மற்றது மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை ஆகிய துறைகள் ஒரே நிறுவகத்தில் இருப்பதால், பாடி ஆடி நடிக்க விரும்பும் மாணவருக்கு இலங்கையில் கிடைக்கும் மிக நெருங்கிய இடம் இதுதான். 'யாழ் நூல்' எழுதிய விபுலானந்தரே 'மதங்க சூளாமணி' என்னும் நாடக ஆராய்ச்சியையும் எழுதினார் என்பதை எண்ணினால், பெயர் பொருத்தம்தான்.

கொழும்பு 7, அல்பர்ட் கிரசென்ற்றில் உள்ள கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் 2005இல் தனிப் பல்கலைக்கழகமானது. வெள்ளவத்தையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில், பஸ் பிடித்தால் போய்விடலாம். ஆனால் கற்பித்தல் பெரும்பாலும் சிங்கள மொழி மூலம். எனவே வெள்ளவத்தைப் பிள்ளை காலி வீதியில் இரவு பஸ் ஏறி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே போகிறது. இல்லையேல் கோட்டையில் மட்டக்களப்பு ரயிலைப் பிடிக்கிறது. தலைநகரில் வாழ்வது எல்லாத் துறைக்கும் வசதி, இந்த ஒன்றைத் தவிர.

விண்ணப்பமும் சோதனையும்

க.பொ.த. உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடங்கள். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை அதில் அடங்கும். இசை, நடனத் துறைகளுக்கு அந்தந்தப் பாடத்தை உயர்தரத்தில் எடுத்திருப்பது வழக்கமான நிபந்தனை. பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் பொது விண்ணப்பம் போகும். அதோடு, பத்திரிகையில் வரும் அறிவித்தலைப் பார்த்து உரிய பல்கலைக்கழகத்துக்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இந்த இரண்டாவது விண்ணப்பம். ஆணைக்குழுவின் படிவத்தில் பாடநெறியைக் குறித்துவிட்டோம், போதும் என்று இருந்துவிடுகிறார்கள். செயன்முறையில் தேறியவர்களுக்குள்ளேயே, 2001இல் நடைமுறைக்கு வந்த இசட் புள்ளியின் வரிசைப்படி இடம் கிடைக்கும். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதால் ஆணைக்குழு வெளியிடும் அந்த ஆண்டின் கைநூலே கணக்கு.

இசை அறையில் சுருதி சேர்தல், தாளம் பிசகாமை, கற்ற உருப்படியின் சுத்தம், ராகத்தைத் தானாக விரிக்கும் திறன் ஆகியவை முக்கியம். நடனத்தில் அடவின் தெளிவும் அபிநயமும். நாடக அறை இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆயத்தம் செய்த ஒரு பகுதியை நடித்துக் காட்டிய பிறகு, அங்கேயே கொடுக்கும் சூழலுக்கு நடிக்கச் சொல்லலாம். ஒரு கூத்துப் பாட்டைப் பாடச் சொல்லலாம். முன்பின் தெரியாத மற்ற விண்ணப்பதாரரோடு சேர்த்து ஒரு காட்சி அமைக்கச் சொல்லலாம். கொழும்புப் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கூத்துப் பாட்டில். மேடைப் பேச்சும் பரதமும் அவர்களுக்குக் கைவந்தவை. தரு என்னும் கூத்துப் பாடலின் மெட்டையோ நகரத்தில் கேட்டு வளர வாய்ப்பு மிகக் குறைவு. நேர்முகத்தில் ஏன் இந்தத் துறை என்று கேட்கும்போது, ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு விடை வைத்திருப்பது நல்லது. அந்த விடை பொய்யில்லை. பட்டதாரிகளில் கணிசமானோர் அழகியற் பாட ஆசிரியராகவே போகிறார்கள்.

வெள்ளவத்தையில் ஆயத்தம்

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் குறைவில்லை. பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைப் படிப்படியாக எழுதி, கலாவித்தகர் பட்டம்வரை போகிறார்கள். இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், 57ஆம் ஒழுங்கைக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், சற்று வடக்கே பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபமும் கதிரேசன் மண்டபமும் மேடை கொடுக்கின்றன. பாடசாலைகளில் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக வில்லுப்பாட்டும் நாட்டுக்கூத்தும் பழக்கப்படுகின்றன. கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பாடகர் குழுவும் தவக்காலத் திருப்பாடுகளின் காட்சியும் வேறொரு பயிற்சிக்களம். கூட்டாகப் பாடுவதிலும் பெருங்கூட்டத்தின் முன் நிற்பதிலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு துணிவு இருக்கும்.

குறை எங்கே என்றால், இந்த வகுப்புகளும் தனித்தனி. பாட்டு ரீச்சர் நடனத்தைக் குரலுக்குக் கேடு என்பார். நடன ரீச்சர் பாட்டு வகுப்பை நேரத்துக்குக் கேடு என்பார். நடிப்புக்கென வகுப்பு அரிது. நகரத்தில் பாட்டும் நடிப்பும் இணைவது பெரும்பாலும் ஆங்கில மேடையில்: 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கில், ஜெரோம் டி சில்வா 1992இல் தொடங்கிய வேர்க்ஷொப் பிளேயர்ஸ் போன்ற குழுக்கள் மேற்கத்திய இசைநாடகங்களைப் போடுகின்றன. அங்கே போகும் தமிழ்ப் பிள்ளை பாத்திரத் தெரிவு என்றால் என்னவென்று கற்றுக்கொள்ளும், ஆனால் ஆங்கிலத்தில்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்

பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் 1914இலேயே நாடகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கிய நிறுவனம். இன்று அமெரிக்காவின் இசைநாடகப் பட்டங்களில் பல, முதலில் ஒளிப்பதிவு கேட்கின்றன. அதில் தேறியவரே நேர்ச் சோதனைக்குப் போகிறார். பல கல்லூரிகள் நியூயோர்க், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றாகக் கூடி விண்ணப்பதாரரைப் பார்க்கின்றன. வேகமான ஒன்றும் மெதுவான ஒன்றுமாக இரண்டு பாடல்கள், ஒவ்வொன்றிலும் 16 அல்லது 32 பார் அளவுக்கு வெட்டிய துண்டு. ஒரு நிமிட அளவில் தனி நடிப்பு. கூட்டமாக ஒரு நடன வகுப்பு. முழுக் கீர்த்தனையை அனுபல்லவி, சரணம் என்று நிறுத்தி நிதானமாகப் பாடிப் பழகியவருக்கு, அரை நிமிடத்தில் பாத்திரத்தின் மனநிலையைத் திருப்பிக் காட்டுவது பெரிய மாற்றம்.

கர்நாடக இசை கற்றவருக்கு வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. அவர் தம் கட்டைக்கு ஏற்றபடி சுருதியை வைத்துக்கொள்வார். அங்கே பியானோக்காரர் முன்னுள்ள தாளில் எழுதிய சுருதியே சுருதி. வேறு வேண்டுமானால் முன்கூட்டியே மாற்றி எழுதிக் கொண்டுபோக வேண்டும். அடுத்தது கமகம். ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது பழக்கமாகிவிட்ட குரலுக்கு, ஒரு ஸ்வரத்தில் நேராக நின்று, பேசுவதைப் போலச் சொல்லைப் பாடுவது கடினம். தாளத்திலும் நினைவாற்றலிலும் காதால் கேட்டு உடனே பிடிப்பதிலும் அவரே முன்னால் நிற்பார். நடன வகுப்பில் புதிய அசைவை எண்ணிக்கையோடு பிடிக்க அடவுப் பயிற்சி உதவும்.

இந்தியாவை நாடுபவருக்கு டில்லியின் தேசிய நாடகப் பள்ளி முதற்கட்டத் தேர்வும் பல நாள் பட்டறையும் வைத்துத் தெரிகிறது. 1959இல் தொடங்கியது அது. தமிழ்ச் சூழலில் அரங்கம் பயில, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே தொடங்கப்பட்ட நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதைத் தொடக்கத்தில் வழிநடத்தினார். இலங்கை மாணவர் இவற்றுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் புலமைப்பரிசில்கள் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.